மழையும் ஈய அளவுகோலும்

ஒரே பட்டறையில், ஒரே மாதிரி எண்ணோடு, ஒரே விலைக்கு வெளிவரும் இரண்டு கிட்டார்களுள் ஒன்று கூடம் நிறைய ஒலிக்க மற்றொன்று குரல் அடைத்து நிற்பதும், ஒன்றின் கழுத்தில் விரல் தடையின்றி ஓட மற்றொன்றின் உலோக முனைகள் கையைக் கீறுவதும் அக்கருவியை வாங்குவோர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறையீடுகள். மின்பெருக்கியின் துணையின்றித் தன் மரக்கூட்டின் அதிர்வைக் கொண்டே ஒலிப்பதான அக்கூஸ்டிக் கிட்டாரைப் பற்றித்தான் இவை மிகுதியாக எழுகின்றன. தரக்கட்டுப்பாட்டுக் கோளாறு என்று பெயரிட்டு வணிகர்கள் இதை முடித்துவிடலாம். ஆனால் சமயங்களும் மெய்யியலும் வேறு பெயர்களில் பல நூற்றாண்டுகளாக வாதிட்டுவரும் கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. ஒரு பொருள் தன் இனத்துக்குரிய நிறைவை எட்டாமல் நின்றுவிட்டால் அந்தக் குறை அது ஆன மூலப்பொருளுடையதா, ஆக்கியவனுடையதா, அல்லது குறை என்று அளந்து சொன்ன அளவுகோலுடையதா என்பதே அக்கேள்வி.

கருவியின் அமைப்பைச் சற்று அருகிலிருந்து பார்த்தால்தான் வாதம் பிடிபடும். கிட்டாரின் முகப்பில் வட்டத் துளையோடு அமைந்திருக்கும் மெல்லிய பலகை மேற்பலகை எனப்படும்; பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தில் அறுக்கப்படும் இதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். அதன்மீது ஒட்டப்பட்டிருக்கும், வீணையில் குதிரை என்று வழங்கும் உறுப்புக்கு நிகரான சிறு கட்டையை ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். இந்த இழுப்பை அசையாமல் தாங்கும் அளவுக்குப் பலகையைத் தடிப்பாக விட்டால் அது ஊமையாகிவிடும். நன்றாக அதிரும் அளவுக்கு இழைத்துவிட்டால் சில ஆண்டுகளில் வயிறு புடைத்து, குதிரை சாய்ந்து, கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்துக்கு எழும்பிவிடும். ஆகவே பலகையின் அடியில், வெளியே தெரியாதபடி, பெருக்கல் குறி வடிவில் ஒன்றையொன்று குறுக்கிடும் சட்டங்களை ஒட்டி அதைத் தாங்குகிறார்கள். நல்ல கிட்டார் என்பது முறிவதற்குச் சற்று முன்னால் நிறுத்தப்பட்ட வேலை என்று சொன்னால் மிகையாகாது. மேசையின் பலகை அரை மில்லிமீட்டர் பிசகினால் எவருக்கும் தெரியாது. மேற்பலகை அரை மில்லிமீட்டர் பிசகினால் கருவியின் குரலே மாறிவிடும். போதாக்குறைக்கு, ஸ்ப்ரூஸ் பலகைக்கு இழையோட்டத்தின் குறுக்கே இருக்கும் விறைப்பு இழையோட்டத்தின் திசையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஒரே அடிமரத்தின் வெவ்வேறு பகுதிகளில் அறுத்த பலகைகளிலேயே அடர்த்தியும் விறைப்பும் மாறுபடும்.

வேறுபாடு தவிர்க்க முடியாதது என்றால் அதில் எது குறை? தீமைக்குத் தனக்கென ஓர் இருப்பு இல்லை, நன்மையின் இன்மையே தீமை என்று புனித அகுஸ்தினார் கொண்ட கருத்தை 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் மேலும் கூர்மையாக்கினார். எல்லா இன்மையும் குறையாகிவிடாது. ஒரு பொருளுக்கு உரியதாக இருக்கவேண்டிய நலம் அதனிடம் இல்லாமற்போவதே குறை. பார்வையின்மை மனிதனுக்குக் குறை, கல்லுக்குக் குறையன்று. இவ்வரையறையைக் கிட்டாருக்குப் பொருத்தினால் பல முறையீடுகள் தாமாகவே உதிர்ந்துவிடும். பெரிய உடலுடைய கிட்டாரின் மந்தர நாதம் சிறிய உடலுடைய கிட்டாரில் இல்லையென்பதும், மேற்பலகையின் ஒரு பாதியில் இழை சற்று அகன்றிருப்பதும் இன்மைகளே தவிரக் குறைகள் அல்ல. ஆனால் விரற்பலகையில் சுரத்தானங்களைப் பிரித்து நிற்கும் மெட்டுகளுள் ஒன்று மற்றவற்றைவிட உயர்ந்து நின்று, அதற்கு முந்திய மெட்டில் அழுத்திய சுரத்தை இரையச் செய்யுமானால் அது ஐயத்துக்கிடமற்ற குறை. இயற்கைப் பொருளுக்கு எது உரியது என்பதை அதன் இயல்பு சொல்லிவிடும். செய்பொருளுக்கோ அதை ஆக்கியவன் சூட்டிய பெயரும் அப்பெயரால் கொடுத்த வாக்குமே இயல்பின் இடத்தில் நிற்கின்றன. மாதிரி எண் என்பது ஒரு வாக்குறுதியின் சுருக்கம். அந்த வாக்குறுதி எதைப் பற்றியது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சைவ சித்தாந்த நூல்கள் உலகத்தின் தோற்றத்தை விளக்கும்போது காரணத்தை மூன்றாகப் பகுத்துக் குடத்தைச் சான்று காட்டுவது தமிழ் வாசகர்கள் அறிந்ததே: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கிட்டாருக்கு மரமும், உளியும் இழைப்புளியும் எந்திரமும், செய்பவனும் இவ்வாறே அமைகின்றன. இத்தகைய பகுப்பு இறைவனைப் பற்றிய கடினமான ஓர் ஐயத்துக்கு விடை தேடவும் பயன்பட்டது. உயிர்களுள் சில இன்பத்திலும் சில துன்பத்திலும் பிறப்பது படைத்தவனின் ஓரவஞ்சனையைக் காட்டாதா என்ற அந்த ஐயத்தைப் பிரம்ம சூத்திரம் தன் இரண்டாம் அத்தியாயத்தில் எடுத்துக்கொள்கிறது. அதற்கு உரை கண்ட சங்கரர் மழையைச் சான்றாக்குகிறார். நெல்லும் வாற்கோதுமையும் விளைவதற்கு மழை பொதுக்காரணம், அவற்றுக்கிடையிலான வேற்றுமைக்குக் காரணம் அந்தந்த வித்தினுள் இருக்கும் ஆற்றல். அதுபோலவே இறைவன் பொதுக்காரணம், பிறப்பின் வேற்றுமைக்குக் காரணம் அந்தந்த உயிரின் வினை என்பது அவர் தரும் விடை. பல கொள்கைகளில் அவரோடு முரண்படும் சைவ சித்தாந்தமும் இந்த இடத்தில் வினையையே சுட்டுகிறது.

கிட்டார்த் தொழிற்சாலை தன் தற்காப்புக்குச் சொல்லும் வாதம் ஏறத்தாழ இதுவேதான். எல்லாப் பலகைக்கும் ஒரே வரைபடம், ஒரே கனம், ஒரே பசை, ஒரே உலர்த்தும் நேரம் கொடுக்கப்பட்டது. குரல் வேறுபட்டால் அது மரத்தின் வினை. இறைவனைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்க எழுந்த வாதம் தொழிற்சாலை மேலாளரையும் விடுவிக்கப் பயன்படுவது வேடிக்கை என்றாலும், அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது, ஏனெனில் அதில் பாதி உண்மை. மீதிப் பாதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த மெய்யியல்களில் இறைவன் உயிர்களின் வினையைக் கடைக்குப் போய்ப் பொறுக்கியெடுப்பதில்லை, வினை அநாதி. உற்பத்தியாளரோ பலகையைப் பார்த்து, தட்டி, விலை பேசி வாங்குகிறார், பிடிக்காததை ஒதுக்கித் தள்ளவும் அவரால் முடியும். அதைவிட ஆழமான வேறுபாடு இன்னொன்று: வேற்றுமை பாராமல் எங்கும் ஒன்றாகப் பெய்வது மழைக்குப் பெருமை, தச்சனுக்கு அதே பண்பு இழிவு.

இதற்கு மறுமொழியான உவமை கிரேக்க மெய்யியலில், அதுவும் நீதியைப் பற்றிய ஆராய்ச்சியின் நடுவில் கிடைக்கிறது. நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில் அரிஸ்டாட்டில், பொதுவாக எழுதப்பட்ட சட்டம் தனி வழக்குக்குப் பொருந்தாமற்போகும் இடத்தில் அதைத் திருத்திச் சரிசெய்யும் நேர்மையைப் பற்றிப் பேசுகிறார். வடிவம் வரையறுக்க முடியாத பொருளை அளக்கும் கோலும் வரையறை அற்றதாகவே இருக்கவேண்டும் என்று கூறி, லெஸ்பாஸ் தீவின் கட்டடக் கலையில் வழங்கிய ஈய அளவுகோலை அவர் சுட்டுகிறார். அந்தக் கோல் விறைத்து நிற்காமல் கல்லின் வடிவுக்கு வளைந்துகொடுக்கும். சமமற்றவற்றைச் சமமாக நடத்துவதே அநீதியாக முடியலாம் என்பதைப் பட்டறையிலிருந்து எடுத்த ஒரு கருவியைக் கொண்டு அவர் உணர்த்தியது தற்செயலன்று.

மேற்பலகை இதைத் துல்லியமாக மெய்ப்பிக்கிறது. விறைப்பான பலகை ஒன்றையும் இளக்கமான பலகை ஒன்றையும் எந்திரம் ஒரே கனத்துக்குச் சீவினால் அளவில் அவை இரட்டையர். ஒலியிலோ முன்னது இறுகி நிற்கும், பின்னது தளர்ந்து ஒலிக்கும், சில ஆண்டுகளில் புடைத்தும் போகும். ஒலி ஒன்றாக இருக்கவேண்டுமானால் அளவு வேறாக இருந்தாக வேண்டும். கையால் செய்பவர்கள் பலகையை இரண்டு விரல்களுக்கிடையில் தொங்கவிட்டு மறுகையால் தட்டிக் கேட்பதும், இழையின் குறுக்கே இரு கட்டைவிரலாலும் மெல்ல வளைத்துப் பார்ப்பதும், அடிச்சட்டங்களின் முனைகளை உளியால் ஒவ்வொரு சீவலாகக் குறைத்துக்கொண்டே மீண்டும் தட்டுவதும் இதற்காகத்தான்; அவர்கள் கனமானியை எடுப்பது பெரும்பாலும் முடிவைக் குறித்துவைப்பதற்கே, முடிவெடுப்பதற்கன்று. இன்றைய கிட்டாரின் உருவத்தை 19ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்திய, ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அன்டோனியோ தெ டோரெஸ் 1862 அளவில் பின்பலகையையும் விலாக்களையும் காகிதக் கூழால் செய்து மேற்பலகையை மட்டும் மரத்தில் அமைத்த கிட்டார் ஒன்றைப் படைத்தார். குரலின் பெரும்பகுதி மேற்பலகையின் பக்குவத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் அந்தச் சோதனைக் கருவி பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. அவருடைய நண்பரான ஒரு பாதிரியார் பிற்காலத்தில் எழுதிவைத்த செய்தி ஒன்றும் உண்டு. தம் இரகசியம் தம்மோடு கல்லறைக்குப் போய்விடும், ஏனென்றால் அது கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் பலகையைப் பற்றும்போது உணரும் உணர்ச்சி என்று டோரெஸ் கூறினாராம். சொல்லில் அடங்காமல் செயலில் மட்டும் குடியிருக்கும் இத்தகைய அறிவை 20ஆம் நூற்றாண்டில் மைக்கேல் போலானி உள்ளுறை அறிவு என்ற கருத்தாக வளர்த்தெடுத்தார்.

இதனால் எந்திரம் அநீதி, கை நீதி என்று முடிவுகட்டுவது அவசரமாகும். கழுத்து உடலோடு சேரும் கோணம், மெட்டுகளுக்கிடையிலான தொலைவு, பொருத்துவாயின் இறுக்கம் ஆகியவை மரத்தின் இயல்பைப் பொறுத்தவை அல்ல, கணிதத்தைப் பொறுத்தவை. ஒவ்வொரு மெட்டுக்கும் அடுத்த மெட்டு நிற்கவேண்டிய இடம் இரண்டின் பன்னிரண்டாம் மூலத்தால் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே வளைந்துகொடுக்கும் அளவுகோல் சுருதிப் பிழையைத்தான் தரும். கணினியால் இயங்கும் வெட்டு எந்திரங்கள் வந்தபின் இவ்விடங்களில் ஏற்பட்ட முன்னேற்றத்தை எவரும் மறுக்க முடியாது. கலிஃபோர்னியாவில் 1974இல் தொடங்கப்பட்ட டெய்லர் நிறுவனம் 1999இல் அறிமுகப்படுத்திய கழுத்துப் பொருத்தில், எந்திரத்தில் வெட்டிய மெல்லிய ஆப்புகளை மாற்றியே கோணத்தைத் திருத்திக்கொள்ளலாம். பழைய புறாவால் பொருத்தில் இதே திருத்தத்துக்கு நீராவி பாய்ச்சிக் கழுத்தையே பிரிக்கவேண்டும். ஆக, ஒரே கருவிக்குள் மழையின் நீதி செல்லும் இடங்களும் ஈயக் கோலின் நீதி செல்லும் இடங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. மாதிரி எண் என்னும் வாக்குறுதி முன்னவற்றைப் பற்றி முழுமையாகவும் பின்னவற்றைப் பற்றி ஓர் எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இரண்டையும் கலந்துவிட்டு, கோணம் பிசகிய கழுத்துக்கு மரத்தைக் காரணம் சொல்லும் உற்பத்தியாளரும், பலகையின் இயல்பான குரல் வேற்றுமைக்கு உற்பத்தியாளரைத் திட்டும் வாங்குநரும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

யாருடைய அளவுகோல் செல்லும் என்ற வழக்கு கிட்டாரின் வரலாற்றில் உண்மையாகவே நடந்திருக்கிறது. சாக்சனியின் மார்க்நாய்கிர்ஷன் ஊரில் 1820களிலும் 1830களின் தொடக்கத்திலும் வயலின் செய்வோர் சங்கம், மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள் கிட்டார் செய்யக்கூடாது என்று முறையிட்டது. தாங்கள் கலைஞர்கள், தங்கள் வேலையில் வெறும் மெருகு மட்டுமன்றிப் பண்பட்ட சுவையும் இருக்கிறது, தச்சர்களோ வீட்டுச் சாமான் செய்யும் கைத்தொழிலாளர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தீர்ப்பு தச்சர்களின் பக்கமே நின்றது. ஆயினும் அத்தச்சர் குடும்பங்களுள் ஒன்றில் 1796இல் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின் 1833இல் நியூயார்க்குக்குக் கப்பலேறி, சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நசரேத் ஊரில் குடியேறினார். எஃகுக் கம்பிக் கிட்டாரின் இலக்கணமாக இன்று கருதப்படும் கருவிகள் அவர் நிறுவிய பட்டறையிலிருந்து வந்தவை. மெருகும் சுவையும் வேறு என்று வயலின்காரர்கள் சொன்னது சரி. சுவை தங்களிடம் மட்டுமே உண்டு என்றதுதான் பிழை.

மெருகு என்பது இவ்விவாதத்தில் தனி இடம் பெறவேண்டிய ஒன்று, ஏனெனில் தோற்றத்துக்கும் உண்மைக்கும் இடையிலான பழைய பிணக்கு அங்கேதான் வெளிப்படையாகிறது. மரத்தின்மேல் பூசப்படும் ஒளிபுகு படலம் அதை ஈரத்திலிருந்தும் கீறலிலிருந்தும் காக்கிறது. ஆனால் படலம் தடிப்பாக ஆக, மேற்பலகை சுமக்கவேண்டிய பாரம் கூடி அதிர்வு மங்கும். பாலியெஸ்டர் வகைப் பூச்சுகள் விரைவில் இறுகி, தடிப்பாகப் பூசினால் சிறு பள்ளங்களை மூடிக் கண்ணாடிபோல் பளபளக்கும். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பல முறை மெல்லப் பூசி, தேய்த்து, நாட்கணக்கில் காயவிட வேண்டியது, காலப்போக்கில் மஞ்சளாகி வெடிப்பு விடக்கூடியது. கடையில் விளக்கின்கீழ் முந்தியது கொடுக்கும் நிறைவுத் தோற்றம், வாங்குபவரின் கண் செல்லும் இடத்தில் உழைப்பைக் குவித்து, கண் செல்லாத இடத்தில் அதை மிச்சப்படுத்தும் தூண்டுதலாகவும் ஆகிவிடுகிறது. ஒலித்துளை வழியாகச் சிறு கண்ணாடியும் விளக்கும் செலுத்திப் பார்த்தால் தெரிவது வேறு காட்சியாக இருக்கக்கூடும்: சட்டத்தின் ஓரத்தில் துடைக்கப்படாமல் உறைந்த பசைத் துளிகள், பலகையைத் தொடாமல் மயிரிழை இடைவெளியோடு நிற்கும் சட்ட முனை, இழைக்காமல் விட்ட மரச் சிலும்பு. இவற்றுள் பசைத் துளி அழகுக் குறை மட்டுமே. சட்ட முனையின் இடைவெளி அப்படியன்று; அது ஒலியையும் ஆயுளையும் தின்னும்.

எவரும் பாராத இடத்து வேலை யாருக்காகச் செய்யப்படுகிறது என்பது சமயம் சார்ந்த கேள்வி. மார்ட்டின் குடியேறிய நசரேத், மொரேவியன் சகோதர சபையார் 18ஆம் நூற்றாண்டில் நிறுவிய குடியிருப்பு. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து அருகில் தோட்டமமைத்துக் கைத்தொழில் செய்து வாழ முயன்றவர்களும் இதே சபையார். பென்சில்வேனியாவில் 1762 வரை அவர்கள் தச்சு, நெசவு, வேளாண்மை அனைத்தையும் ஒரே பொதுக் குடும்பத்தின் ஊழியமாக நடத்தினர்; தொழுகைக்கும் தொழிலுக்கும் இடையே கோடு கிழிக்காத வாழ்வு அது. இறைவன் பார்க்கிறான் என்ற நம்பிக்கை சட்டத்தின் முனையை ஒழுங்காக ஒட்டச் செய்யும் என்று சொல்வது எளிது. ஆனால் நம்பிக்கையுள்ளவர்களும் அரைகுறையாக ஒட்டியிருக்கிறார்கள், நம்பிக்கையற்றவர்களும் ஒழுங்காக ஒட்டியிருக்கிறார்கள். இதைவிடப் பயன்படும் பகுப்பை அக்குவினாஸ் தருகிறார். கலைஞன் இருவகையில் தவறலாம் என்கிறார் அவர்: நல்லதைச் செய்ய எண்ணிக் கெட்டதைச் செய்துவிட்டால் அவன் கலைஞன் என்ற முறையில் பழிக்கப்படுவான், கெட்டதையே செய்ய எண்ணி, பிறரை ஏமாற்றும்படி அதைச் செய்து முடித்தால் மனிதன் என்ற முறையில் பழிக்கப்படுவான். மேற்பலகையின் கனத்தைத் தவறாகக் கணித்த இளம் கைவினைஞர் முதல் வகை. பளபளப்பின்கீழ் ஒட்டாத சட்டத்தைத் தெரிந்தே அனுப்பிய பட்டறை இரண்டாம் வகை. அதன் வேலைத்திறன் ஒருவேளை முன்னவருடையதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம், பழியும் அந்த அளவுக்குக் கூடும்.

பிசகைப் போற்றும் மரபு ஒன்றும் இங்கே குறுக்கிடுகிறது. ஜான் ரஸ்கின் 1853இல் கோதிக் கட்டடக் கலையைப் பற்றி எழுதியபோது, அப்பழுக்கற்ற நிறைவைக் கேட்பது தொழிலாளியை அடிமையாக்குவதாகும், குறையே உயிருள்ள கையின் அடையாளம் என்று வாதிட்டார். அடிமைத்தனத்தைப் பற்றிய அவர் கோபம் நியாயமானது. அதைச் சாக்காக்கிக்கொண்டு, கோணல் மெட்டைக் கைவேலையின் உயிர்த்துடிப்பு என்று விற்பவர்களை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். (கிட்டார் விளம்பரங்களில் ஆன்மா என்ற சொல் படும் பாடு தனி ஆய்வுக்குரியது.) அறைகலன் வடிவமைப்பாளரான டேவிட் பை 1968இல் வெளியிட்ட நூலில் ரஸ்கினை நேரடியாக மறுத்து, வேலையை வேறு வகையில் பகுத்தார். செய்து முடிக்கும்வரை விளைவு கையின் திறத்தையும் கவனத்தையும் பொறுத்து ஊசலாடிக்கொண்டே இருப்பது ஆபத்துள்ள வேலை. தொடங்குமுன்னரே விளைவு தீர்மானமாகிவிடுவது உறுதியுள்ள வேலை. இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்ற அவர் நிதானம் இத்துறைக்கு வேண்டிய மருந்து.

அந்த நிதானம் இல்லாததால் விளையும் முரண்பாட்டுக்கு 1942 முதல் 1945 வரை மிச்சிகனின் கலமஜூவில் கிப்சன் தொழிற்சாலை செய்த கிட்டார்கள் சான்று. ஆண்களில் பலர் போருக்குச் சென்றுவிட, வேலைக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் அவற்றைச் செய்தனர்; உலோகத் தட்டுப்பாட்டால் பலவற்றில் கழுத்தின் உள்ளிருந்து வளைவைத் தடுக்கும் எஃகுக் கோல் வைக்கப்படவில்லை, கிடைத்த மரத்துக்கேற்பக் கழுத்தும் மேற்பலகையும் கருவிக்குக் கருவி மாறின. சீரின்மை என்று இன்று புதிய கருவியைத் திருப்பியனுப்பக் காரணமாகும் அதே பண்பு, இக்கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்துவம் என்று பெயர்பெற்று உயர்ந்த விலைக்குப் போகிறது. காலம் ஒரு பங்கு செய்திருக்கிறது என்பதும் உண்மை: மோசமாகச் செய்யப்பட்டவை இதற்குள் உடைந்து அழிந்திருக்கும், எஞ்சியவற்றை வைத்தே அக்காலம் மதிப்பிடப்படுகிறது.

மதிப்பிட வல்லவர் யார் என்பதற்குப் பிளேட்டோ குடியரசு நூலின் பத்தாம் பகுதியில் சொன்ன விடை இசைக்கருவியைக் கொண்டே அமைந்தது. ஒரு பொருளின் நன்மை அதைப் பயன்படுத்துபவனுக்கே தெரியும்; குழலூதுபவன் குழல் செய்பவனுக்கு அறிவிக்கவேண்டும், செய்பவன் அவனை நம்பிச் செய்யவேண்டும். இது முதற்பார்வைக்கு முழுதும் சரியாகத் தோன்றினாலும் பயன்படுத்துபவனுக்கும் கண் உண்டு என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. இங்கிலாந்தின் லாங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், பின்பலகையும் விலாக்களும் மட்டும் வெவ்வேறு மரத்தில் அமைய மற்றவை ஒத்திருக்குமாறு ஒரே பட்டறையில் செய்த ஆறு கிட்டார்களை, மங்கிய வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி அணிந்த 52 வாசிப்பாளர்கள் வாசித்துப் பார்த்தனர். விலையுயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் தந்த மதிப்பீட்டில் பெரிய வேறுபாடு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வதும் தமிழில் ஈட்டி, தோதகத்தி என்று வழங்குவதுமான இந்திய ரோஸ்வுட் அந்த ஆறனுள் ஒன்று. மார்ட்டின் நிறுவனம் 1969 முதல் பிரேசில் மரத்துக்கு மாற்றாகப் பயன்படுத்தத் தொடங்கிய இம்மரத்தை நெடுங்காலம் இரண்டாந்தரமாகவே பலர் எண்ணினர். சோதனையின் முடிவை மரத்துக்குப் பங்கில்லை என்று படிப்பதைவிட, பலகைகளை ஒத்துப்பார்த்துப் பொறுக்கி, கவனமாகச் செய்த ஒரு பட்டறை ஆறு மரங்களின் வேற்றுமையைக் காதுக்கு எட்டாதபடி குறைத்துவிட்டது என்று படிப்பதே பொருத்தம். அப்படியானால் பிளேட்டோவின் குழலூதுபவன் நம்பத்தகுந்த நடுவனாவது கண்ணைக் கட்டிக்கொண்ட பிறகுதான்.

நடுவன் யாராயினும் வழக்கு விற்பனை நாளோடு முடிவதில்லை. பெரும்பாலான பட்டறைகள் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்துக் கருவியைச் செய்கின்றன. அங்கிருந்து சென்னை போன்ற கடற்கரை நகரத்துக்கு வரும் கிட்டாரின் மேற்பலகை ஈரத்தை உண்டு உப்பி, கம்பிகளை உயர்த்திவிடும், வடநாட்டுக் குளிர்காலத்தில் சூடேற்றிய வறண்ட அறைக்குச் சென்றதோ சுருங்கி வெடிக்கும். முதல் உரிமையாளரின் வாழ்நாள் முழுவதற்கும் உத்தரவாதம் தரும் நிறுவனங்கள், வெப்பத்தாலும் ஈரப்பத மாற்றத்தாலும் வரும் சேதத்தை விலக்கிப் பொடியெழுத்தில் அச்சிடுவது இதனால்தான்; அக்குவினாஸ் வகுத்த எல்லைக்கோட்டை வழக்கறிஞர்கள் வரைந்தால் அது வரைபவர் பக்கம் சற்றுச் சாய்வது இயல்பே. சேதத்தைப் படிக்கத் தெரிந்தவர் பழுதுபார்ப்பவர். மெட்டு முனைகள் கழுத்தின் விளிம்பைத் தாண்டித் துருத்தி நின்று, ஒலித்துளையை ஒட்டிய மேற்பலகையும் அமுங்கியிருந்தால் மரம் காய்ந்து சுருங்கியது என்றும் கருவி இருந்த அறையே காரணம் என்றும் அவர் அறிவார். குதிரை பின்விளிம்பில் எழும்பியிருந்தால் அந்த இடுக்கில் ஒரு தாளைச் செருகிப் பார்க்கிறார். முழுதாகக் கழற்றியதும் அதன் அடியில் ஓரமெங்கும் லேக்கர் சுரண்டப்படாமல் இருப்பது தெரிந்தால், பசை மரத்தைத் தொடாமல் பூச்சின்மேலேயே ஒட்டியிருந்தது என்றும் அது செய்தவரின் சோம்பல் என்றும் முடிவுக்கு வருகிறார். வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுவைத்து உரிமையாளர் பசையை இளகச் செய்ததும், அதே குதிரையின் அடியில் லேக்கர் இருப்பதும் ஒருங்கே நேர்ந்திருந்தால் யாருடைய பங்கு எவ்வளவு என்பதை எழும்பிய கட்டை சொல்லாது. பெரும்பாலான பழுதுபார்ப்போர் அந்த வழக்குக்குள் புகுவதில்லை. பூச்சைச் சுரண்டி, மரத்தோடு மரம் சேரும்படி வச்சிரப்பசையில் ஒட்டி, பற்றுக்கருவியில் ஒரு நாள் இறுக்கி வைத்துவிட்டு, கருவியைக் கொண்டுவந்தவரிடமே கூலியை வாங்கிக்கொள்கிறார்கள்.